ஒயர்லெஸ்காரர் பதில்கள்: சூரியன் நிலவரத்தை எங்கே பார்ப்பது?

(கப்பல்களில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்ற ராயபுரம்வாசி நம் ஒயர்லெஸ்காரர். சூரியப் புயல், விண்வெளி வானிலை பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

ஆர்.கே., கொளத்தூர்: ‘இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை ஆபத்தான காஸ்மிக் கதிர்கள் பூமியைக் கடக்கின்றன, செல்போனை அணைத்துத் தூரமாக வையுங்கள்’ என்று எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பாதிப் பேர் அணைத்துவிட்டார்கள். இதெல்லாம் உண்மையா என்று எங்கே போய்ப் பார்ப்பது?

மீதிப் பாதிப் பேர்தான் நிம்மதியாக இருந்திருப்பார்கள். இந்தச் செய்தி பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை நாசா பெயரில் வரும், இன்னொரு தடவை பிபிசி பெயரில் வரும். தேதி மட்டும் இருக்காது. ‘இன்று இரவு’ என்று எழுதிவிட்டால் என்றைக்கு அனுப்பினாலும் புதுச் செய்திதானே! தவிர, போனை அணைத்துவிட்டால் கதிர் திரும்பிப் போய்விடுமா என்ன?

நிஜமாகவே சூரியனில் ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்க அமெரிக்க அரசின் நோவா அமைப்பு ஒரு தளம் வைத்திருக்கிறது. கொலராடோவில் போல்டர் என்கிற ஊரில் இருக்கும் ஸ்பேஸ் வெதர் பிரெடிக்ஷன் சென்டர். கூகுளில் அந்தப் பெயரைத் தட்டினால் முதலில் வரும். காசு, லாகின் எதுவும் வேண்டாம். பக்கத்தின் உச்சியிலேயே ஆர், எஸ், ஜி என்று மூன்று எழுத்துப் பெட்டிகள் இருக்கும். சூரியனில் பிளேர் வெடித்துச் சிற்றலை ரேடியோ அடிபட்டால் ஆர். புரோட்டான் துகள்கள் பாய்ந்து வந்தால் எஸ். பூமியின் காந்தப்புலம் ஆட்டம் கண்டால் ஜி. ஒவ்வொன்றும் 1 முதல் 5 வரை போகும். மூன்றும் பச்சையாக இருந்தால் குழுவில் ஒரு ஸ்கிரீன்ஷாட் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். ஒரே பக்கத்தில் கடந்த 24 மணி நேரத்தில் அளந்ததும் இருக்கும், அடுத்த மூன்று நாளுக்குக் கணித்ததும் இருக்கும். ‘வாட்ச்’ என்றால் ஓரிரு நாளில் வரலாம். ‘வார்னிங்’ என்றால் வாசலுக்கு வந்துவிட்டது. ‘அலர்ட்’ என்றால்தான் அளந்து பார்த்தாகிவிட்டது. நம் டிவி சேனல்கள் ‘வாட்ச்’ வந்த அன்றைக்கே உலகம் அழிகிற மாதிரி ஸ்க்ரோல் ஓட்டும். நிஜப் புயல் வரும் நேரத்தில் வேறு பிரேக்கிங் நியூஸுக்குப் போயிருக்கும்.

நிஜப் புயலுக்கு உதாரணம் 2024 மே. 2003 அக்டோபருக்குப் பிறகு முதல் முறையாக ஜி-5. அது தொட்டது யூடிசி என்கிற உலகப் பொது நேரப்படி மே 10 இரவு 22.54. நமக்கு அது மே 11 அதிகாலை 4.24. தளத்தில் மே 10 என்று இருக்கும், உங்கள் காலண்டரில் 11. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் எந்த எண்ணையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

ஜி.எல்., மடிப்பாக்கம்: சூரியப் புயல் வந்தால் சென்னையில் வெயில் ஏறுமா? நம் ஊரிலும் வானம் சிவக்குமா?

ஏறாது. சூரியன் உச்சத்தில் இருக்கும் வருஷத்துக்கும் அடங்கி இருக்கும் வருஷத்துக்கும் நமக்கு வந்து சேரும் மொத்த வெப்பத்தில் வித்தியாசம் சுமார் 0.1 சதவீதம். அக்னி நட்சத்திரத்துக்கு மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் கணக்கைப் பாருங்கள், அது வானிலை ஆய்வு மையத்தின் வேலை. வானம் சிவந்தது லடாக்கில் ஹான்லேயில், அந்த 2024 மே புயலின்போது. நம் ஊரில் கீழ்வானம் சிவந்தால் விடிகிறது என்று அர்த்தம்.

என்.பி., அம்பத்தூர் (பி.எஸ்சி. இயற்பியல்): சூரியப் புள்ளிகள் (சூரியன் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகள்) கூடிக் குறையும் 11 ஆண்டுச் சுழற்சியை வரைபடமாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். நூலகத்தில் எடுத்த பழைய புத்தகத்தில் 1958 வாக்கில் வந்த உச்சம் 201 என்று இருக்கிறது. இணையத்தில் இறக்கிய கோப்பில் 285. எதை எழுதுவது?

இரண்டும் சரிதான், அம்மா. இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

சூரியப் புள்ளிக் கணக்குக்கு உலகத்துக்கே தலைமைக் கணக்குப்பிள்ளை, பெல்ஜியத்தில் பிரஸ்ஸல்ஸ் ராயல் அப்சர்வேட்டரியில் இருக்கும் ‘சில்சோ’. ஆண்டுச் சராசரி 1700 முதல், மாதச் சராசரி 1749 முதல், தினசரி எண் 1818 முதல் அங்கே இலவசமாகக் கிடைக்கும். 2015 ஜூலை 1 அன்று அவர்கள் மொத்த வரிசையையும் திருத்தி இரண்டாம் பதிப்பு வெளியிட்டார்கள். அதற்கு முன் எல்லா எண்களையும் 0.6 ஆல் பெருக்கிக் குறைத்து எழுதுவது வழக்கம். புதுப் பதிப்பில் அந்த வழக்கத்தை எடுத்துவிட்டார்கள், இன்னும் சில திருத்தங்களும் செய்தார்கள். அதனால்தான் 201 என்பது 285 ஆயிற்று. புத்தகத்தில் பாதி, கோப்பில் பாதி என்று எடுத்து ஒரே வரைபடத்தில் போட்டால் நடுவில் சூரியன் திடீரென்று குதித்த மாதிரி தெரியும். தேர்வாளர் அதைத்தான் முதலில் கேட்பார்.

தினசரிக் கோப்பை இறக்கி எக்செலில் திறந்ததும் எல்லாம் ஒரே பத்தியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பயப்படாதீர்கள். அவர்கள் கமாவுக்குப் பதில் அரைப்புள்ளி போட்டுப் பிரித்திருப்பார்கள். ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ போய் அரைப்புள்ளியைத் தேர்ந்தெடுத்தால் வருஷம், மாதம், நாள், புள்ளி எண் என்று பிரிந்துவிடும். அடுத்து, 1818 முதல் வரும் ஆரம்ப வருஷங்களில் அங்கங்கே -1 இருக்கும். 0 என்றால் பார்த்தார்கள், புள்ளி இல்லை. -1 என்றால் அன்றைக்குக் கணக்கே இல்லை. அந்த -1 வரிகளை நீக்காமல் சராசரி எடுத்தால் விடை கெட்டுப்போகும். கடைசிப் பத்தியில் 1 இருந்தால் உறுதியான எண், 0 இருந்தால் தற்காலிகம், பின்னால் மாறலாம். ப்ராஜெக்ட்டில் எந்தத் தேதியில் இறக்கினீர்கள் என்று எழுதிவையுங்கள்.

எண்ணுவது எப்படி என்று வைவாவில் கேட்பார்கள். குழுவுக்கு 10, புள்ளிக்கு 1. ஒரே ஒரு புள்ளி தனியாக நின்றால் அதுவே ஒரு குழு, அதனால் 11. ஆக, ‘இன்று சூரியப் புள்ளி எண் 120’ என்றால் 120 புள்ளி தெரிகிறது என்று அர்த்தம் கிடையாது.

இப்போது நடப்பது 25ஆவது சுழற்சி, ஆரம்பம் 2019 டிசம்பர். நிபுணர் குழு ஒன்று இதன் உச்சம் 2025 ஜூலை வாக்கில், எண் 115 அளவில் என்று சொல்லியிருந்தது. சூரியன் கேட்கவில்லை. 13 மாதச் சராசரியில் 2024 அக்டோபர் வாக்கிலேயே 160ஐ ஒட்டிப் போய்விட்டது. கணிப்பையும் அளவையும் ஒரே தாளில் இரண்டு கோடாகப் போடுங்கள், மதிப்பெண் கூடும்.

எண் மட்டும் போதாது, படமும் வேண்டும் என்றால் பிரஸ்ஸல்ஸ் வரை போக வேண்டியதில்லை, கொடைக்கானல் இருக்கிறது. அதுவும் நம் ஊர்க் கதைதான். 1792இல் நுங்கம்பாக்கத்தில் மெட்ராஸ் அப்சர்வேட்டரி கட்டினார்கள். அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்றும் கல்லூரிச் சாலை வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது. மாகாணத்தில் பஞ்சம் வந்தபோது, மழைக்கும் சூரியனுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும் என்கிற பேச்சு எழுந்தது. 1899இல் வேலை மலைக்கு ஏறியது. 1904 முதல் கண்ணாடித் தட்டிலும் பிலிமிலும் எடுத்த சூரியப் படங்களை இந்திய வான் இயற்பியல் நிறுவனம் டிஜிட்டலாக்கித் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. மழைக்காலத்தில் இடைவெளிகள் இருக்கும், கொடைக்கானல் மேகம் யாருக்கும் ஒதுங்காது. நூறு வருஷத்துக்கும் மேலான ஒரே மலையின் படங்களை வைத்துச் செய்யும் ப்ராஜெக்ட்டுக்கு மரியாதையே தனி.

டி.ஏ., ஸ்ரீபெரும்புதூர் (நில அளவையாளர்): சாலை வேலைக்கு டிஜிபிஎஸ் (துல்லிய ஜிபிஎஸ்) வைத்து அளக்கிறோம். பகல் வெயிலுக்குப் பயந்து மாலையிலும் இரவிலும் வேலை. மார்ச் மாதத்தில் எட்டு மணி வாக்கில் ஃபிக்ஸ் (துல்லியமான நிலை) போய் ஃப்ளோட்டிலேயே (தோராயத்திலேயே) நிற்கிறது, பத்தரைக்கு மேல் தானாகச் சரியாகிறது. கருவியில் குறை இல்லை என்கிறார்கள். சூரியப் புயலா என்று பார்த்தால் கேபி எண் 1, 2 தான் காட்டுகிறது.

இந்த மாதத்தின் நல்ல கேள்வி இதுதான், ஐயா. நீங்கள் பார்த்த எண்ணில் தப்பில்லை, அது நம் ஊருக்கான எண் இல்லை, அவ்வளவுதான்.

கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு ஆடுகிறது என்று சொல்லும் எண். 0 முதல் 9 வரை, மூன்று மணி நேரத்துக்கு ஒன்று. அதிகாரபூர்வமாகக் கணக்கிட்டு வெளியிடுவது ஜெர்மனியில் பாட்ஸ்டாமில் உள்ள ஜிஎஃப்இசட் ஆய்வு மையம். உலகத்தில் 13 காந்த ஆய்வகங்களின் அளவுகளைச் சேர்த்துச் செய்வது. அந்தப் பதின்மூன்றும் பூமத்திய ரேகையை விட்டுத் தள்ளி, நடு அட்சரேகைகளில் இருப்பவை. நமக்கு அண்டையில் ஒன்றுகூடக் கிடையாது. நம் தலைக்கு மேல் நடப்பதோ வேறு நாடகம். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடி வழியாக, திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததே அதற்காகத்தான்.

பொழுது சாய்ந்ததும், வானத்தில் மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அயனி மண்டலத்தின் அடிப்பகுதி சீக்கிரம் மெலிந்துவிடும், மேல்பகுதி இன்னும் உயரே எழும்பும். உலை கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழி கிளம்புமே, அதுபோல அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழேயிருந்து மேலே ஏறி, வடக்கிலும் தெற்கிலும் நீளும். ஜிபிஎஸ் சிக்னல் அதற்குள் புகுந்து வரும்போது நட்சத்திரம் மாதிரி மினுக்கும். ரிசீவருக்குப் பிடி நழுவும், ஃபிக்ஸ் போகும். நம் பக்கம் இது மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும்தான் அதிகம், சூரியச் சுழற்சி உச்சத்தில் இருக்கும் வருஷங்களில் இன்னும் மோசம். காந்தப் புயல் அடிக்கும் சில நாட்களில் இந்தக் குமிழிகள் வராமலே போவதும் உண்டு! அதாவது கேபி 2 இருக்கும் நாளில் உங்கள் வேலை கெட்டு, கேபி 6 இருக்கும் நாளில் ஒழுங்காக நடக்கலாம்.

அப்போது எதைப் பார்ப்பது? முதலில் எஃப் 10.7 என்கிற சூரிய ரேடியோ வீச்சு. கனடாவில் பென்டிக்டன் அருகே தினமும் அளக்கிறார்கள், நோவா தளத்திலும் வரும். 70 என்றால் சூரியன் தூங்குகிறது. 150க்கு மேல் நாள் கணக்கில் நின்றால், அந்த மாதமும் மார்ச்சாகவோ அக்டோபராகவோ இருந்தால், மாலை எட்டு மணிக்கு முக்கியமான புள்ளியை வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்து டெக் வரைபடம், வானத்தில் எலக்ட்ரான் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்று நிறம் போட்டுக் காட்டுவது. நோவாவில் ‘குளோடெக்’ என்று இருக்கிறது. ஜெர்மன் விண்வெளி மையமான டிஎல்ஆரும் வெளியிடுகிறது. ஆனால் இவை உலக வரைபடங்கள், உங்கள் தலைக்கு மேல் இருக்கும் ஒரு குமிழியைக் காட்டாது. அதைக் காட்டுவது உங்கள் ரிசீவரின் லாக் மட்டுமே. ஃபிக்ஸ் போன நேரத்தில் ஒவ்வொரு சாட்டிலைட்டின் சிக்னல் வலிமையையும் திறந்து பாருங்கள். எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்திருந்தால் கேபிள், ஆன்டெனா என்று சந்தேகப்படலாம். சில சாட்டிலைட் மட்டும், அதுவும் வானத்தின் ஒரே பக்கத்தில் இருப்பவை மட்டும் தள்ளாடியிருந்தால் மேலேதான் கோளாறு.

கட்டுப்பாட்டுப் புள்ளிகளைப் பொழுது சாயும் முன்போ விடிகாலையிலோ முடித்துவிட்டு, இரவில் சாட்டிலைட் தேவைப்படாத டோட்டல் ஸ்டேஷன் கருவியில் விவர வேலையைப் பாருங்கள். காந்தப்புலத்தை நம் அருகில் அளப்பவர் யார் என்று தேடினால், இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்துக்குத் திருநெல்வேலியிலேயே நிலையம் உண்டு. ‘இன்டர்மேக்னெட்’ என்கிற உலகத் தொகுப்பில் ஹைதராபாத், அலிபாக் அளவுகள் கிடைக்கும். அலிபாக்குக்கு அந்த வேலை போனதே பம்பாயில் மின்சார டிராம் ஓடப்போகிறது என்பதால். கொலாபாவில் இருந்த காந்தமானிகளுக்கு டிராமின் மின்சாரம் தொல்லை கொடுக்கும் என்று பயந்தார்கள்.

வி.ஜே., பெரம்பூர்: என் மகள் 2015இல் பிறந்தவள். அவள் பிறந்த அன்றைக்குச் சூரியன் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். அப்புறம், நாசா சூரியப் படம் செப்டம்பரில் ஒருநாள் முழுக் கறுப்பாக வந்ததே, ஏன்?

‘ஹீலியோவியூவர்’ தளத்தில் தேதியைப் போட்டால் அன்றைய சூரியன் வரும். 2010க்குப் பிறகு என்றால் எஸ்டிஓ சாட்டிலைட்டின் கூர்மையான படங்கள். அதற்கு முந்தைய தேதிகளுக்கு சோஹோ சாட்டிலைட், அது 1995 டிசம்பரில் விண்ணுக்குப் போனது. பச்சை, பொன், சிவப்பு நிறமெல்லாம் அடையாளத்துக்குப் பூசியது என்று பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளி அது.

கறுப்புப் படத்துக்குக் காரணம் நம் பூமியேதான். எஸ்டிஓ பூமியைச் சுற்றுகிறது. வருஷத்தில் இரண்டு பருவம், மார்ச்சை ஒட்டியும் செப்டம்பரை ஒட்டியும் சில வாரங்கள், தினமும் கொஞ்ச நேரம் பூமி குறுக்கே வந்து மறைக்கும். அந்தச் சமயத்தில் ‘சூரியன் அணைந்தது, நாசா மறைக்கிறது’ என்று யூடியூபில் வீடியோ வரும். அதையும் சேர்த்துக் காட்டுங்கள், பாப்பா சிரிக்கட்டும்.

பி.எம்., கிண்டி (பொறியியல் மாணவர்): ஆதித்யா எல்-1 தரவு பொதுமக்களுக்குக் கிடைக்குமா?

கிடைக்கும், தம்பி. இஸ்ரோவின் ‘பிரதான்’ என்கிற தளத்தில், பெயர் பதிந்தால் போதும். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று, பூமியிலிருந்து சூரியன் பக்கமாகத் தள்ளி இருக்கும் எல்-1 புள்ளியைச் சுற்றிய பாதைக்குப் போனது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். 1859இல் கொலாபாவில் காந்தமானியின் முள் தாறுமாறாக விழுந்த பெரும் சூரியப் புயலின் தேதியும் செப்டம்பர் 2தான்.

ஏழு கருவிகளையும் ஒரேயடியாக இறக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கும் நிறையும், ஆசையும் போய்விடும். ‘சோலெக்ஸ்’ என்கிற எக்ஸ்ரே கருவியிலிருந்து தொடங்குங்கள். நேரம் ஒரு பக்கம், எக்ஸ்ரே அளவு ஒரு பக்கம், கோடு போட்டால் பிளேர் மலை மாதிரி எழுந்து நிற்கும். கோப்புகள் ஃபிட்ஸ் வடிவில் வரும், நோட்பேடில் திறக்காது. பைத்தானில் ஆஸ்ட்ரோபை, சன்பை இரண்டும் இலவசம். அதே நாளுக்கு நோவாவின் கோஸ் சாட்டிலைட் எக்ஸ்ரே கோட்டை எடுத்து மேலே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் உச்சம் ஒரே நிமிடத்தில் வந்தால் நீங்கள் சரியாகத்தான் படிக்கிறீர்கள். ஐந்தரை மணி நேரம் தள்ளி வந்தால் காரணம் உங்களுக்கே தெரியும்.

காந்தமானியான ‘மேக்’ அடுத்தது. சூரியக் காற்று கொண்டுவரும் காந்தப்புலம் தெற்கே சாய்ந்தால்தான் பூமியின் கதவு திறக்கும். அதை 15 லட்சம் கிலோமீட்டர் முன்னாலேயே அளப்பதால், வேகத்தைப் பொறுத்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அவகாசம் கிடைக்கிறது. அந்த அவகாசத்துக்குள் பார்க்க வேண்டுமானால் நோவாவின் ‘ரியல் டைம் சோலார் விண்ட்’ பக்கம். பிரதானில் இருப்பது பிறகு உட்கார்ந்து ஆராய.

எஸ்.எஃப்., திருவொற்றியூர்: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் புதிதாக வந்திருக்கிறது. சூரியக் கணக்கில் எதைப் பார்த்துவிட்டு ரிக்கை (ரேடியோ கருவியை) ஆன் செய்ய வேண்டும்?

வாழ்த்துகள். எங்கள் காலத்தில் கப்பலில் இன்டர்நெட் ஏது? அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.வி. நேர ஒலிபரப்பில், ஒவ்வொரு மணியிலும் 18ஆவது நிமிடம் சோலார் ஃப்ளக்ஸ் (மேலே சொன்ன எஃப் 10.7), ஏ, கே (இரண்டும் காந்தப்புல ஆட்டத்தின் எண்கள்) என்று ஒரு குரல் வாசிக்கும். ஹவாய் நிலையத்தில் 45ஆவது நிமிடம். சிக்னல் மங்கி வரும், பென்சிலால் லாக் ஓரத்தில் குறித்துக்கொள்வோம். கரை நிலையமான மெட்ராஸ் ரேடியோவை, வி.டபிள்யூ.எம்மை, எந்த அலைவரிசையில் கூப்பிட்டால் பதில் வரும் என்று அதை வைத்துத்தான் தீர்மானிப்பது. நீங்களும் அதே மூன்று எண்ணைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.

ஃப்ளக்ஸ் அதிகம் என்றால் 10 மீட்டர் அலைவரிசை பகலில் திறக்கும். கே 4க்கு மேல் போனால் வடதுருவம் வழியாகப் போகும் அமெரிக்கத் தொடர்பு முதலில் அடிவாங்கும். பென்டிக்டனின் அன்றைய முக்கிய அளவு நமக்கு இரவு ஒன்றரை மணிக்கு எடுப்பது, அதனால் காலையில் பார்த்தால் போதும்.

திடீரென்று பேண்ட் செத்துப்போய் வெறும் இரைச்சல் மட்டும் வந்தால், ரிக்கைக் கழற்றுவதற்கு முன் நோவாவின் ‘டி-ராப்’ வரைபடத்தைப் பாருங்கள். பிளேர் வந்தால் பூமியின் எந்தப் பக்கம் சிற்றலை விழுங்கப்படுகிறது என்று நிறம் போட்டுக் காட்டும். அடி பகல் பக்கத்துக்குத்தான். 2024 மே 14 அன்று எக்ஸ் 8.7 அளவு பிளேர் வெடித்தது நமக்கு இரவு 10.21க்கு. சென்னையில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்டோபர் 3 அன்று எக்ஸ் 9.0, மாலை 5.48க்கு, சூரியன் அடையச் சில நிமிடம் இருக்கும்போது. அப்போது கிழக்கே பேசிக்கொண்டிருந்தவர் தப்பித்திருப்பார். மேற்கே, இன்னும் பகலாக இருந்த வளைகுடாவைப் பிடிக்க முயன்றவருக்குச் சிரமம்தான்.

எண்ணெல்லாம் ஜாதகம் மாதிரி. யார் யாரைக் கேட்கிறார்கள் என்று நேரடியாகப் பார்க்க ‘பிஎஸ்கே ரிப்போர்ட்டர்’ இருக்கிறது. எண் மோசமாக இருந்து வரைபடத்தில் சென்னைக்கும் ஜப்பானுக்கும் கோடு ஓடினால், கோட்டை நம்புங்கள்.

எம்.எஸ்., திருவல்லிக்கேணி: சூரியப் புயல் எச்சரிக்கைக்கு மாதச் சந்தா கேட்கிறது ஓர் ஆப். கட்டலாமா?

வேண்டாம். அந்த ஆப் காட்டுவதும் பெரும்பாலும் நோவாவின் இலவச எண்களைத்தான். நோவா தளத்திலேயே மின்னஞ்சல் சந்தா உண்டு, காசு இல்லை. பதிந்ததும் ஒரு நீளமான பட்டியல் வரும். எல்லாவற்றையும் டிக் செய்தால் மூன்றாம் நாளே நீங்கள் அதை ஸ்பாமில் தள்ளிவிடுவீர்கள். ‘வாட்ச்’, ‘வார்னிங்’ இரண்டையும் விட்டுவிட்டு, கேபி 7க்கு மேலான ‘அலர்ட்’ மட்டும் டிக் செய்யுங்கள். பல வாரங்களுக்கு ஒன்றும் வராது. பழுதாகிவிட்டது என்று நினைத்து எனக்கு எழுதாதீர்கள்.